திராட்சைத் தோட்டத்தில் ஒரு லுஹர்



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், நமது மத்ரஸாவில் குர்ஆன் பாடம் முடிந்து பிள்ளைகள் எழுந்து சென்றுகொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர் மட்டும் ரைஹாலை மடித்துக்கொண்டே தயங்கி நின்றார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஹஜ்ரத், நீங்க ஒயின் கம்பெனிக்குப் போனீங்களாமே, உண்மையா?"

"உண்மைதான், போனோம்" என்று சொன்னோம். அந்தப் பிள்ளையின் முகத்தில் ஏற்பட்ட மாற்றம் இன்றும் நம் கண்முன் நிற்கிறது. மறுநாள் வகுப்பிலிருந்த எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். அதையே இங்கே சற்று விரித்து எழுதுகிறோம். நம்மைப் போன்ற சூழலில் நிற்க நேரும் பெற்றோருக்கும் இளைஞர்களுக்கும் இது பயன்படலாம் என்பதே நோக்கம்.

நாம் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்கள். முல்லைப் பெரியாற்று நீர் பாயும் அந்த மண்ணில் திராட்சைப் பந்தலின் நிழலே எங்கள் விளையாட்டுத் திடல். 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை எங்கள் ஊர்ப் பழம்தான். அத்தா இரண்டு ஏக்கர் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார்கள். ஒருமுறை வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து, மது தயாரிக்கும் ஆலைக்கு மொத்தமாகப் பழம் வேண்டும் என்று நல்ல விலை பேசினார். பழம் எதற்குப் போகிறது என்று தெரிந்தபின் அத்தா கைகூப்பி மறுத்துவிட்டார்கள். மது செய்பவருக்குத் திராட்சை விற்பது குறித்து இமாம்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு என்பதை நாம் பிற்காலத்தில் கிதாபுகளில் படித்தோம். அத்தா கிதாபு படித்தவர்கள் அல்லர். ஆயினும் பேணுதலான வழி எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆண்டு பழத்தைக் குறைந்த விலைக்குச் சந்தையில் விற்றதும், அம்மா ஒன்றும் சொல்லாமல் கணக்கு நோட்டை மூடி வைத்ததும் நினைவில் உள்ளன.

உள்ளூர்ப் பள்ளியில் நம்முடன் படித்த நண்பர்கள் மூவர். இருவர் இந்துக்கள், ஒருவர் கிறித்தவர். எங்கள் பகுதியில் சமயம் வேறானாலும் மாமன், மச்சான், மாப்பிள்ளை என்று முறை வைத்து அழைத்துக்கொள்வது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். பள்ளியை விட்டு முப்பது ஆண்டுகள் கடந்தும் அந்த முறை மாறவில்லை. மூவரில் ஒருவர் இப்போது மும்பையில் வங்கிப் பணியில் இருக்கிறார். மற்றொருவர் கோவையில் கடை வைத்திருக்கிறார். மூன்றாமவர் நாசிக்கில் பொறியாளர். சென்ற பிப்ரவரியில் நாசிக் நண்பர் புதுவீடு கட்டிக் குடிபுகுந்தார். "நாலு பேரும் சேர்ந்து எத்தனை வருசமாச்சு, நீ வராமப் பால் காய்ச்ச மாட்டேன் மாப்பிள்ளை" என்றார். மறுக்க மனம் வரவில்லை. நீண்ட இரயில் பயணம் செய்து போய்ச் சேர்ந்தோம்.

அங்கே போகத் துணிந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், மும்பை நண்பர் பதவி உயர்வு பெற்றபோது மதுரையில் ஒரு விடுதியில் விருந்து வைத்தார். உணவு பரிமாறிக்கொண்டிருக்கும்போதே மதுப்புட்டிகள் மேசைக்கு வந்தன. நாம் அப்போது ஆலிம்களிடம் ஓதி முடித்துப் பட்டயம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அறிவு புதிது, அதைக் காட்டும் ஆசையும் புதிது. எழுந்து நின்று, அவருடைய அலுவலக நண்பர்கள் அனைவரும் கேட்கும்படி, மது சுற்றிவரும் மேசையில் அமர்வதை எங்கள் மார்க்கம் தடுத்திருக்கிறது என்று உரத்துச் சொல்லிவிட்டு வெளியேறினோம். சொன்னது சரியான மஸ்அலாதான். அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்புகிறவர் அத்தகைய மேசையில் அமர வேண்டாம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் திர்மிதியில் பதிவாகியுள்ளது. ஆனால் சொன்ன இடமும் சொன்ன குரலும் சரியில்லை. நண்பர் அதன்பின் நம்முடன் பேசவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய தாயார் இறந்துபோனார். சிறுவயதில் நமக்கும் சேர்த்துச் சோறு பிசைந்து கையில் உருட்டித் தந்த தாய் அவர். எல்லாம் முடிந்து பதினாறாம் நாளும் கடந்தபின்தான் நமக்குச் செய்தியே தெரிந்தது. போய் நின்றபோது நண்பர் ஒரு குறையும் சொல்லவில்லை, தேநீர் கொடுத்தார். ஆயினும் பழைய நெருக்கம் திரும்பவில்லை. நாசிக்கில் நான்கு நாட்கள் ஒரே வீட்டில் தங்கினால் அது திரும்பக்கூடும் என்ற ஆசையும் நம்மை அங்கே அழைத்துச் சென்றது.

நாசிக் கோதாவரிக் கரையில் அமைந்த ஊர். அந்த ஆறு பிறக்கும் திரியம்பகம் அருகிலேயே உள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிர்கால இரவுகளில் நல்ல குளிர். பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்து திராட்சைக்கு ஏற்ற பருவத்தைத் தருகின்றன. வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் விதையில்லாத் திராட்சை அங்கே ஏராளமாக விளைகிறது. கடந்த சில பத்தாண்டுகளில் ஒயின் ஆலைகளும் அங்கே பெருகியுள்ளன. 2005-இல் சூலா நிறுவனம் அவ்வூரில் ஒயினைச் சுவைத்துப் பார்ப்பதற்கென ஒரு கூடத்தைத் திறந்தது. நம் நாட்டில் அத்தகைய முதல் கூடம் அதுவே என்பர். பின்னர் வேறு ஆலைகளும் அவ்வழியைப் பின்பற்றின. இன்று மும்பை, புணே நகரங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வார இறுதியில் அங்கே சுற்றுலா வருகிறார்கள்.

புதுவீட்டு நிகழ்ச்சி முடிந்த மறுநாள் காலை, கங்காபூர் அணையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான்கு பேரும் வாடகைக் காரில் புறப்பட்டோம். அணையைப் பார்த்துத் திரும்பும் வழியில், "உனக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு காட்டுறேன்" என்று நாசிக் நண்பர் நம் தோளைத் தட்டினார். கார் ஒரு பெரிய திராட்சைத் தோட்டத்தின் முன் நின்றது. பலகையைப் படித்த பிறகே அது ஒயின் ஆலை என்று தெரிந்தது. நால்வருக்கும் அவர் முன்பே கட்டணம் செலுத்தியிருந்தார். கம்பத்துக்காரருக்குத் திராட்சைத் தோட்டத்தைக் காட்டுகிறோம் என்ற மகிழ்ச்சியே அவருக்கு இருந்தது. நம்மைச் சோதிக்கும் எண்ணம் சிறிதும் இல்லை.

அங்கேயே, காரிலேயே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த இரவு நினைவுக்கு வந்து நாவைக் கட்டிவிட்டது. தோட்டத்தைப் பார்ப்பதில் தவறில்லை அல்லவா என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு இறங்கினோம். ஆலையின் பெயர்ப்பலகை முன் நான்கு பேரும் நிற்க, கோவை நண்பர் வழிப்போக்கர் ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். தொப்பியும் தாடியுமாக நாமும் அந்தப் படத்தில் நின்றோம்.

தோட்டம் அழகாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் கொடியைத் தலைக்கு மேல் பந்தலிட்டுப் படர விடுவார்கள். அங்கே நேர்வரிசையில் கம்பி இழுத்து, வேலி போல நிமிர்த்திக் கட்டியிருந்தார்கள். ஒயினுக்கான பழம் நாம் உண்ணும் பழத்தைவிடச் சிறியது; தோல் தடித்தது; உள்ளே விதை உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை நடக்கும் என்று வழிகாட்டி சொன்னார். அடுத்து, உயர்ந்த எஃகுத் தொட்டிகள் நிற்கும் கூடத்துக்கு அழைத்துச் சென்றார். பழச்சாற்றிலுள்ள சர்க்கரையை நுண்ணுயிரான ஈஸ்ட் உண்டு சாராயப் பொருளாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சேர்த்து நொதிக்க விடுவார்கள், நிறம் தோலிலிருந்தே வருகிறது. வெள்ளை ஒயினுக்கு முதலில் சாற்றைப் பிழிந்து தோலை நீக்கிவிடுவார்கள் என்றெல்லாம் விளக்கினார். ஓக் மரப் பீப்பாய்களில் சிலவற்றை மாதக்கணக்கில் வைத்திருப்பதையும் காட்டினார்.

அந்தக் கூடத்தின் வாசனை நமக்கு அறிமுகமானதாக இருந்தது. பந்தலுக்கு அடியில் உதிர்ந்து வெயிலில் கிடந்த பழங்களின் வாசனை அது. அத்தாவின் தோட்ட வாசனை. ஒரு கணம் மனம் இனித்தது என்பதை மறைக்கப் போவதில்லை. மறுகணமே ஒரு நடுக்கம் வந்தது. மது தொடர்பாகப் பத்துப் பேர் சபிக்கப்பட்டார்கள் என்று வரும் ஹதீஸை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறோம். பிழிபவர், பிழியச் சொல்பவர், பருகுபவர், சுமப்பவர், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர். பாடம் நடத்தும்போது அது ஒரு பட்டியலாகவே இருந்தது. அங்கே நின்றபோது, பிழியும் எந்திரம் முதல் அட்டைப்பெட்டி அடுக்கும் இடம் வரை அந்தப் பட்டியல் கண்முன் வரிசையாக நிற்பதைக் கண்டோம். அங்கே உழைக்கும் மனிதர்களை நாம் இழிவாக எண்ணவில்லை; அவர்கள் நம் நம்பிக்கையை ஏற்றவர்கள் அல்லர். ஆனால் அந்தச் சொல் நமக்குச் சொல்லப்பட்டது. அத்தா பழத்தை விற்க மறுத்த இடத்துக்குள், மகனாகிய நாம் கட்டணச் சீட்டோடு நின்றுகொண்டிருந்தோம்.

கடைசியாகச் சுவைக்கும் கூடம். நீண்ட மரமேடை, அதன்மேல் வரிசையாகக் கண்ணாடிக் கிண்ணங்கள், மேடையைச் சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பேர். கிண்ணத்தைச் சாய்த்து நிறம் பார்க்க வேண்டும், சுழற்றி முகர வேண்டும், பிறகு ஒரு மிடறு வாயில் வைத்துச் சுவைக்க வேண்டும் என்று ஊழியர் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தார். விழுங்க விரும்பாதவர் உமிழ்வதற்கு ஒரு பாத்திரமும் இருந்தது. நண்பர்கள் மூவரும் உள்ளே நுழைந்தார்கள். நாம் வாசலில் நின்றுவிட்டோம்.

நாசிக் நண்பர் திரும்பிப் பார்த்தார். "நீ குடிக்க வேணாம் மாப்பிள்ளை. சும்மா பக்கத்துல உட்காரு. பழச்சாறு கொண்டுவரச் சொல்றேன்" என்றார். அவர் குரலில் அன்பு மட்டுமே இருந்தது. மும்பை நண்பர் ஒன்றும் சொல்லாமல் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிடம் மிக நீளமாக இருந்தது. உள்ளே போனால் பன்னிரண்டு ஆண்டு விரிசல் அடையக்கூடும். வெளியே நின்றால் அது நிரந்தரமாகக்கூடும் என்று மனம் கணக்குப் போட்டது.

கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் காலத்தில் நடந்ததாக இமாம் குர்துபி தம் தஃப்ஸீரில் குறிப்பிடும் நிகழ்ச்சி ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. மது அருந்திய சிலர் பிடிபட்டபோது, அவர்களுள் ஒருவர் நோன்பாளி, அவர் குடிக்கவில்லை என்று சொல்லப்பட்டது. கலீஃபா அவர்களோ, அல்லாஹ்வின் வசனங்கள் மறுக்கப்படும் சபையில் அமர வேண்டாம் என்று கூறும் ஸூரத்துந் நிஸாவின் 140-ஆம் வசனத்தை ஆதாரமாகக் காட்டி, அவரையும் தண்டித்தார்கள். குடிக்காமல் உடன் அமர்ந்திருந்ததே அவர் செய்த குற்றம்.

நாம் நண்பரின் அருகில் சென்று, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னோம்: "மச்சான், கோபிச்சுக்காதே. இது ஊத்திக் கொடுக்கிற இடத்துல உட்காரக் கூடாது எனக்கு. நீங்க நிதானமா முடிச்சுட்டு வாங்க. லுஹர் நேரம் ஆச்சு, தொழுதுட்டு வெளியே இருக்கேன். சாப்பாட்டுக்கு நாலு பேரும் சேர்ந்து போவோம்." அவர் சற்றுத் திகைத்தார், பிறகு தலையசைத்தார்.

வெளியே வந்து, தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு முதியவரிடம் தண்ணீர் எங்கே என்று அரைகுறை இந்தியில் கேட்டோம். அவர் குழாயைக் காட்டினார். உளூச் செய்துவிட்டுத் திரும்பியபோது, வேப்பமரத்தின் அடியில் கிடந்த சருகுகளை அவரே விளக்குமாற்றால் கூட்டி ஒதுக்கியிருந்தார். சால்வையை விரித்து, பயணி என்பதால் லுஹரை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதோம். ஸஜ்தாவில் கேட்ட துஆவை இங்கே எழுத இயலாது. இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் மனிதனுக்கும் ஒரு வாசலில் கால் நடுங்கும் என்பதை அன்று அறிந்தோம்.

ஸலாம் கொடுத்துத் திரும்பினால், சற்றுத் தொலைவில் ஒரு கல்லின்மேல் மும்பை நண்பர் உட்கார்ந்திருந்தார். கையில் காகிதப் பொட்டலம். வாயிலுக்கு வெளியே சாலையோரக் கடையில் வாங்கிய திராட்சை. நாம் அருகில் சென்று அமர்ந்தோம். இருவரும் பழம் தின்றோம். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு அவரே சொன்னார்: "அன்னிக்கு மதுரையில நீ எந்திரிச்சுப் போனதுல எனக்கு வருத்தமில்லடா. உங்க மார்க்கம் எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுல வளர்ந்தவன்தானே நீ. எங்க ஆபீசரு முன்னாடி என்னைய நிக்கவச்சுப் பேசிட்டுப் போனியே, அதுதான்."

"தப்புத்தான் மச்சான்" என்றோம். அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. அவருடைய தாயாரைப் பற்றிக் கேட்டோம்; கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னார். "அஜரத்து வரலையான்னு ரெண்டு தடவை கேட்டுச்சு" என்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த இரவில் நாம் பெற்றதாக நினைத்த வெற்றியின் விலை என்னவென்று அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்தது.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அன்று இரவே கோவை நண்பர் பெயர்ப்பலகைப் படத்தைப் பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் இட்டுவிட்டார். அது எங்கெங்கோ சென்று, நாம் ஊர் திரும்பும் முன்பே ஊருக்கு வந்துவிட்டது. ஜமாஅத் நிர்வாகிகள் இருவர் நாகரிகமாக விசாரித்தார்கள். ஒரு பெற்றோர் தம் பிள்ளையை ஒரு வாரம் மத்ரஸாவுக்கு அனுப்பவில்லை. அதன்பின்தான் அந்தச் சிறுவரின் கேள்வி வந்தது.

முதலில் நமக்குக் கோபமே வந்தது. நாம்தான் உள்ளே போகவில்லையே, ஒரு துளியும் தொடவில்லையே, இவர்கள் ஏன் தீய எண்ணம் கொள்கிறார்கள் என்று தோன்றியது. நமக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாத் அவர்கள் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். அமைதியாகக் கேட்டுவிட்டு, ஸஃபிய்யா (ரலி) அவர்களின் ஹதீஸ் நினைவிருக்கிறதா என்று கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் இஃதிகாஃபில் இருந்தபோது ஓர் இரவு தம் துணைவியாருடன் நின்றதைத் தோழர்கள் இருவர் கண்டு விரைந்து நடந்தார்கள். நபியவர்கள் அவர்களை நிறுத்தி, இவர் என் மனைவி ஸஃபிய்யாதான் என்று தெளிவுபடுத்தினார்கள். தம்மை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்று தெரிந்தும், பார்ப்பவர் உள்ளத்தில் ஷைத்தான் எதையேனும் போட்டுவிடக் கூடாதே என்று கவலைப்பட்டார்கள். "அவங்களே விளக்கம் சொன்னாங்க. நீங்க பலகைக்கு முன்னால நின்னு படம் எடுத்துக்கிட்டு, பார்த்தவங்க மேல கோபப்படுறீங்களா?" என்றார்கள் உஸ்தாத்.

பிறகு சொன்னார்கள்: "வாசல்ல நின்னதுக்கு அல்லாஹ் கூலி தருவான், இன்ஷா அல்லாஹ். வாசல் வரைக்கும் போனதுக்கு இஸ்திஃபார் செய்யுங்க. பிள்ளைங்ககிட்ட ரெண்டையும் சொல்லுங்க."

அப்படியே செய்தோம். மறுநாள் வகுப்பில், மது எவ்வாறு படிப்படியாகத் தடை செய்யப்பட்டது என்பதிலிருந்து தொடங்கினோம். பேரீச்சை, திராட்சைக் கனிகளிலிருந்து மக்கள் போதைப் பொருளையும் நல்ல உணவையும் பெறுகிறார்கள் என்று ஸூரத்துந் நஹ்லின் 67-ஆம் வசனம் இரண்டையும் பிரித்துச் சொன்னதை விளக்கினோம். அடுத்து, மதுவில் பெரும் பாவமும் மக்களுக்குச் சில பயன்களும் உண்டு, பாவமே பயனைவிடப் பெரிது என்று ஸூரத்துல் பகராவின் 219-ஆம் வசனம் கூறுவதைச் சொன்னோம். பயன் உண்டு என்பதைக் குர்ஆன் மறுக்கவில்லை என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். விவசாயிக்கு விலை கிடைக்கிறது, ஊருக்கு வேலை கிடைக்கிறது என்று நண்பர்கள் சொன்னால் அதை இல்லையென்று நாம் வாதாட வேண்டியதில்லை. பிறகு போதையோடு தொழுகையை நெருங்க வேண்டாம் என்ற கட்டளையும், இறுதியாக ஸூரத்துல் மாயிதாவின் 90, 91-ஆம் வசனங்களில் முழுத் தடையும் வந்தன. அபூ தல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் அனஸ் (ரலி) அவர்கள் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அறிவிப்பாளரின் குரல் கேட்டது. உடனே இருந்ததையெல்லாம் கொட்டினார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. அவர்களும் நண்பர்கள் சூழ அமர்ந்திருந்தவர்களே.

திராட்சையின் மீது நமக்குப் பகை ஏதும் இல்லை என்பதையும் சொன்னோம். நபி (ஸல்) அவர்களுக்காக உலர்திராட்சை நீரில் ஊற வைக்கப்படும். அதை இரண்டு மூன்று நாட்களுக்குள் பருகுவார்கள். அதன்பின் வைத்திருக்க மாட்டார்கள் என்று முஸ்லிம் நூலில் உள்ளது. மது தானாகவே காடியாக மாறிவிட்டால் அது தூய்மையாகிவிடும் என்பது ஃபிக்ஹுச் சட்டம். நாமே ஏதேனும் சேர்த்து அதை மாற்றினால் ஹனஃபி மத்ஹபில் ஆகும், ஷாஃபிஈ மத்ஹபில் ஆகாது. அந்தக் காடியை நல்ல குழம்பு என்று நபியவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். ஆகவே பழமும் சாறும் காடியும் ஹலால். அறிவை மறைக்கும் அந்த ஒரு நிலை மட்டுமே ஹராம்.

இதற்குப்பின்தான் நம் கதையைச் சொன்னோம். நாம் செய்த தவறுகள் என எதைச் சொல்கிறீர்கள் என்று பிள்ளைகளிடமே கேட்டோம். காரிலேயே சொல்லாதது, தொட்டிக் கூடம் வரை போனது, படம் எடுத்துக்கொண்டது என்று மூன்றையும் அவர்களே எண்ணிச் சொன்னார்கள். முதலில் கேள்வி கேட்ட சிறுவர் நான்காவதாக ஒன்று சொன்னார்: "மதுரையில சத்தமாச் சொன்னதும் தப்புதானே ஹஜ்ரத்?" ஆம் என்றோம்.

இதை வாசிக்கும் குடும்பங்களில் பலருடைய பிள்ளைகள் பெங்களூரு, புணே, வெளிநாடுகள் எனப் பணிபுரிகிறார்கள். அலுவலகச் சுற்றுலாவே இத்தகைய இடங்களுக்குத்தான் என்ற நிலை பலருக்கு உண்டு. நம் அனுபவத்தில் கற்ற சிலவற்றைச் சொல்கிறோம். வேலை தொடர்பான நெருக்கடி இருப்பவர்கள் தம் நிலையை விளக்கி, நம்பகமான ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

முதலாவது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திட்டம் போடும்போது சொல்லும் ஒரு வார்த்தை யாரையும் புண்படுத்தாது. மேசை விரித்தபின் சொன்னால் அதுவே அவமதிப்பாகிவிடும். இரண்டாவது, உங்களுக்கான சட்டத்தை உங்களுக்கானதாகவே சொல்லுங்கள். எனக்குக் கூடாது என்பதற்கும் நீங்கள் செய்வது பாவம் என்று சபையில் அறிவிப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. அழைப்புப் பணிக்கு வேறு நேரம் உண்டு. மூன்றாவது, ஒதுங்கும்போது உறவை விட்டு ஒதுங்காதீர்கள். எப்போது, எங்கே மீண்டும் சேர்வோம் என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். நான்காவது, உங்கள் வீட்டு விருந்துக்கு அவர்களை அழையுங்கள். ஒதுங்கும் மனிதராக மட்டுமே நம்மை அவர்கள் அறிந்திருந்தால் நம் மார்க்கத்தை எப்படி அறிவார்கள்? ஐந்தாவது, சந்தேகத்துக்கு இடமளிக்கும் இடத்தின் அருகே போகாதீர்கள். ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இடையில் உள்ளவற்றைத் தவிர்ப்பவரே தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொள்கிறார் என்ற ஹதீஸில் மானம் என்ற சொல்லும் சேர்ந்தே வருகிறது. அதன் பொருள் நமக்கு ஒரு கைபேசிப் படத்தால் விளங்கியது.

கடந்த பெருநாளன்று மும்பை நண்பர் மனைவி மக்களோடு நம் வீட்டுக்கு வந்தார். பிரியாணி உண்டபின், நம் சகோதரர் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பன்னீர் திராட்சையைத் தட்டில் வைத்தோம். "நாசிக்குல தின்னதைவிட இதுதான்டா ருசி" என்றார். மத்ரஸாவுக்கு ஒரு வாரம் வராதிருந்த பிள்ளையும் தந்தையோடு பெருநாள் வாழ்த்துச் சொல்ல அந்நேரம் வந்திருந்தார். அவருக்கும் ஒரு கொத்துக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்.

தன் வரம்புகளைப் பேணும் உறுதியையும், அதைப் பிறர் மனம் நோகாமல் பேணும் நளினத்தையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக. வாசல் வரை சென்ற நம் கால்களை மன்னிப்பானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.